முதுமைத் தனிமை

முதுமைத் தனிமை: வேண்டிய அளவு உறவும் பேச்சும் வாய்க்காதபோது முதியோர் படும் மனவலி. தனியாக வசிப்பது வேறு, தனிமையில் வாடுவது வேறு. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் நிறைந்த வீட்டிலும் பேச ஆளில்லாமல் போகலாம். காது மந்தமானவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. வீட்டார் பல நேரம் இதைக் கவனிப்பதில்லை.

மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் சாலையிலுள்ள விளாங்குடி 2011இல் மாநகராட்சியோடு இணைந்தது. இத்தகைய புறநகரில் பிள்ளைகள் சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட, துணையை இழந்தவர் தனக்கென்று மட்டும் உலை வைக்க மனம் வராமல், காலையில் வடித்த சோற்றில் நீரூற்றி இரவையும் ஓட்டிவிடுவார். உடல் கெடுவது பல நேரம் இங்கேதான் தொடங்குகிறது: சத்து குறைகிறது, சர்க்கரை மாத்திரை தவறுகிறது, தூக்கம் போகிறது. 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, உறவுத்தொடர்பு குன்றியவர்களுக்கு இதயநோய் வாய்ப்பு 29 விழுக்காடும் பக்கவாத வாய்ப்பு 32 விழுக்காடும் கூடுதல் எனக் கண்டது. மனச்சோர்வு, மறதிநோய் ஆகியவற்றோடும் தொடர்புண்டு.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. கொண்டுவருபவர் திண்ணையில் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினால், அன்றைக்கு அந்த வீட்டில் கேட்கும் ஒரே குரலாகவும் அது இருக்கலாம். முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண் 14567. மனம்விட்டுப் பேசவும் அழைக்கலாம்.