தெரிவுக்குழுவும் சுவரும்: ஓவிய இயக்கங்கள் குறித்துச் சில சிந்தனைகள்

கலை வரலாற்றைக் கற்கப் புகும் எமக்கு முதலில் அறிமுகமாவன ஓவியங்களல்ல, பெயர்களே. யதார்த்தவாதம், மனப்பதிவுவாதம், கனவடிவவாதம் என ஒன்றன்பின் ஒன்றாக வரும் ‘வாதங்கள்’ அரச பரம்பரைப் பட்டியலைப் போல எமது குறிப்பேடுகளில் இடம்பெறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆண்டு, இரண்டு ஓவியர், நான்கு பண்புகள். இவ்வாறு மனனஞ் செய்யும்போது, ஓர் இயக்கம் ஓய்ந்ததும் மற்றையது தானாகவே தோன்றியது போன்றதொரு மயக்கம் ஏற்படுகிறது. தூரிகையைக் கையாளும் முறை மாறியமையே இயக்கம் என்றும் எண்ணத் தோன்றுகிறது. இவ்விளக்கம் போதாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடாகும். ஓவிய இயக்கமொன்றின் பிறப்பை அறிவதற்கு, எவ்வாறு வரைந்தார்கள் என்ற வினாவோடு, வரைந்ததைத் தொங்கவிட எவருடைய சுவர் இருந்தது, அச்சுவருக்கு உரியது எதுவெனத் தெரிவு செய்தவர் யார் என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும்.

இவ்வினாக்கள் என்னுள் எழுந்தமைக்கு நூல்கள் மட்டும் காரணமல்ல. எமது மன்றம் கடந்த ஆண்டு நடத்திய ஓவியப் போட்டிக்கு வந்த படங்களை முதற்கட்டமாகப் பிரித்தெடுத்த மூவருள் நானும் ஒருவன். மலையகத் தோட்டமொன்றிலிருந்து வந்த முதலாம் வருட மாணவர் ஒருவர் தாம் பிறந்த லயத்தை வரைந்து அனுப்பியிருந்தார். தகரக் கூரை மேலிருந்து பார்ப்பது போலவும், காம்பறாக்களின் கதவுகள் நேர் முன்னாலிருந்து பார்ப்பது போலவும் ஒரே தாளில் அமைந்திருந்தன. அண்மை சேய்மை அமைப்புப் பிழை என்று கூறி அதனை ஒதுக்கி வைத்தோம். அம்முடிவுக்கு வர எமக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. சில மாதங்களின் பின்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவிய வரலாற்றைப் படிக்க நேர்ந்தபோதுதான், நாம் அமர்ந்திருந்த ஆசனம் எவ்வளவு பழைமையானது என்பது எனக்குப் புலனாயிற்று.

1

பிரான்சில் அரச கலைக்கழகம் 1667ஆம் ஆண்டு முதல் தன் உறுப்பினர்களின் ஆக்கங்களைக் காட்சிக்கு வைத்து வந்தது. பின்னர் லூவர் மாளிகையின் ‘சலோன்’ என்னும் கூடத்தில் இக்கண்காட்சி நடைபெற்றமையால் அப்பெயரே அதற்கு நிலைத்தது. 1748இல் படங்களைத் தெரிவு செய்யத் தெரிவுக்குழுவொன்று ஏற்படுத்தப்பட்டது. புராணக் காட்சிகளும் வரலாற்றுக் காட்சிகளும் உயர்ந்தவை. நிலக்காட்சியும் அன்றாட வாழ்வும் தாழ்ந்தவை என்ற படிநிலையைக் கலைக்கழகம் பேணி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தனியார் விற்பனைக் கூடங்கள் பெருகும்வரை சலோனிற் படம் தொங்காத ஓவியர் வாங்குவோரைக் காண்பது அரிது. எனவே தெரிவுக்குழுவின் தீர்ப்பு இரசனை பற்றியதாக மட்டும் இருக்கவில்லை; ஓவியரின் பிழைப்பையும் அதுவே தீர்மானித்தது.

குஸ்தாவ் கூர்பே தம் ஊரான ஓர்னானில் நடைபெற்ற சாதாரண இறுதிச்சடங்கு ஒன்றை ஏறத்தாழ ஆறரை மீற்றர் நீளமான திரையில் வரைந்து 1850ஆம் ஆண்டின் சலோனிற் காட்சிக்கு வைத்தார். அரசர்க்கும் வீரர்க்கும் உரியதெனக் கருதப்பட்ட அளவை நாட்டுப்புறத்து மனிதருக்கு வழங்கியமையே அவர் செய்த ‘குற்றம்’. 1855இல் பாரிஸ் உலகக் கண்காட்சியின் தெரிவுக்குழு அப்படத்தையும் அவரது வேறு சில படங்களையும் மறுத்தது. கூர்பே அக்கண்காட்சிக்கு அருகிலேயே தமது செலவில் மண்டபமொன்றை அமைத்து, ‘யதார்த்தவாதம்’ என்ற பெயரை அதற்கு இட்டு, ஏறத்தாழ 40 படங்களைத் தொங்கவிட்டார். எமது குறிப்பேட்டில் நான்கு பண்புகளாகச் சுருங்கிவிட்ட சொல், அன்று ஒரு மண்டபத்தின் வாயிலில் நின்ற பெயராகும்.

1863இல் சலோன் தெரிவுக்குழு, தனக்கு வந்தவற்றுட் பாதிக்கும் மேற்பட்ட படங்களை நிராகரித்தது. எழுந்த கூக்குரலைத் தணிக்கும்பொருட்டு மூன்றாம் நெப்போலியன், மறுக்கப்பட்டவற்றையும் வேறாகக் காட்சிப்படுத்துமாறு கட்டளையிட்டான். மறுக்கப்பட்டோரின் சலோன் என்று அது வழங்கப்பட்டது. எடுவார் மனேயின் ‘புற்றரை மீது மதிய உணவு’ அங்கேதான் தொங்கியது. வந்தவர்களிற் பலர் சிரித்தனர் என்பது உண்மையே. ஆயினும் தெரிவுக்குழுவின் தீர்ப்பைப் பொதுமக்கள் தம் கண்ணால் மீளாய்வு செய்யலாம் என்ற எண்ணம் அன்று வித்திடப்பட்டது.

2

இவ்வித்தின் விளைவே 1874ஆம் ஆண்டின் நிகழ்ச்சியாகும். மொனே, றெனுவார், பிசாரோ, டெகா, சிஸ்லி, பெர்த் மொறிசோ முதலியோர் கூட்டுக் கம்பனி ஒன்றை நிறுவி, புகைப்படக் கலைஞர் நடார் பயன்படுத்திய நிலையத்தில் ஏப்ரில் 15 முதல் ஒரு மாதம் கண்காட்சி நடத்தினர். ஏறத்தாழ 30 கலைஞர்களின் 165 ஆக்கங்கள் பட்டியலில் இடம்பெற்றன. தெரிவுக்குழு இல்லை, பரிசுகள் இல்லை. நுழைவுக்கட்டணம் ஒரு பிராங்க். பகலில் வர முடியாதோர்க்காக இரவிலும் இரு மணித்தியாலங்கள் திறந்து வைத்தனர். லெ ஆவ்ர் துறைமுகத்தின் வைகறையை வரைந்த மொனேயின் படத்தலைப்பில் ‘மனப்பதிவு’ என்ற சொல் இருந்தது. லூயி லெறுவா என்ற பத்திரிகையாளர் அச்சொல்லை வைத்தே கேலிக் கட்டுரை ஒன்றை எழுதினார். கேலியாக வழங்கப்பட்ட அப்பெயரையே பின்னர் இயக்கம் தன் பெயராக ஏற்றுக்கொண்டது. கம்பனியோ கடனில் மூழ்கி அவ்வாண்டின் இறுதியிலேயே கலைக்கப்பட்டது.

இவ்வியக்கத்தின் தோற்றத்துக்குப் பொருளியற் காரணிகளும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 1841இல் ஜோன் றான்ட் என்ற அமெரிக்க ஓவியர் வர்ணங்களை அடைத்து வைக்கும் உலோகக் குழாயை உருவாக்கினார். அதன் பின்னர் ஓவியர் தம் வர்ணங்களை வெளியே எடுத்துச் சென்று ஆற்றங்கரையிலேயே படத்தை முடிப்பது எளிதாயிற்று. புகையிரதம் அவர்களைப் புறநகர்களுக்குக் கொண்டு சென்றது. புகைப்படத்தின் வருகை, உருவத்தை உள்ளவாறே பதிவு செய்யும் பணி இனித் தமக்கு மட்டும் உரியதல்ல என்பதை அவர்களுக்கு உணர்த்தியது. எனினும் குழாயும் புகையிரதமும் கலைக்கழக ஓவியர்க்கும் கிடைத்தவையே. கருவிகள் புதிய ஓவியத்தை இயலச் செய்தன. அவ்வோவியத்தை மக்கள் முன் வைத்தது சொந்தச் சுவரேயாகும். அரச நுண்கலைக் கல்லூரி 1897ஆம் ஆண்டு வரை பெண்களை மாணவராகச் சேர்க்கவில்லை. ஆயின், இக்குழு நடத்திய எட்டுக் கண்காட்சிகளுள் ஏழில் மொறிசோவின் படங்கள் இடம்பெற்றமை இங்கு கருதத்தக்கது.

இவ்விடத்தில் நின்றுவிட்டால் இக்கட்டுரை மறுக்கப்பட்டோரின் வெற்றிக் கதையாக இனிதே முடிந்துவிடும். வரலாறோ அவ்வாறு அமையவில்லை. சலோனுக்குப் படம் அனுப்புவோர் தம்முடன் காட்சிப்படுத்தலாகாது என்ற விதியை டெகா வற்புறுத்தினார். 1879ஆம் ஆண்டுக் கண்காட்சியில் றெனுவார், சிஸ்லி, செசான் ஆகியோர் இடம்பெறவில்லை. 1884இல் தெரிவுக்குழுவும் பரிசும் இல்லை என்பதையே கொள்கையாகக் கொண்டு சுயாதீனரின் சலோன் தொடங்கப்பட்டது. 1911இல் கனவடிவவாதிகள் அங்கே ஒரே அறையில் தம் படங்களைக் கூட்டாகத் தொங்கவிட்டுப் பெரும் ஏளனத்துக்கு ஆளாகினர். மறு ஆண்டில், படிகளில் இறங்கும் நிர்வாண உருவமொன்றை மார்செல் டுஷான் அதே சலோனுக்கு அனுப்பினார். அதன் தலைப்பையேனும் மாற்றுமாறு கேட்டவர்கள், முந்திய ஆண்டில் ஏளனஞ் செய்யப்பட்ட அதே கனவடிவவாதிகளாவர். டுஷான் தலைப்பை மாற்றவில்லை. படத்தை எடுத்துச் சென்றார். தெரிவுக்குழு இல்லாத மண்டபத்திலும் தெரிவுக்குழு மனப்பான்மை இருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

மொனேயின் வைக்கோற்போர் ஓவியமொன்று 2019இல் நியூயோர்க் ஏலத்தில் 11 கோடி டொலருக்கும் அதிகமான விலைக்கு விற்கப்பட்டது. அன்று ஒரு பிராங்குக்கும் பெறுமதியற்றவை எனச் சிரிக்கப்பட்ட ஆக்கங்களை இன்று வேறொரு தெரிவுக்குழு, அதாவது சந்தை, தன் சுவருக்குள் எடுத்துக்கொண்டுள்ளது.

3

கலைக்கழகத்தின் இரசனை ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை. குடியேற்ற ஆட்சியோடு அது எமது நாட்டுக்கும் வந்தது. விக்டோரிய கால ஆங்கில ஓவியத்தை அளவுகோலாகக் கொண்ட இலங்கைக் கலைச் சங்கத்தின் கண்காட்சிகளே நெடுங்காலம் கொழும்பில் ஓவியரின் தகுதியை நிர்ணயித்தன. இதற்கு மாற்றாக, புகைப்படக் கலைஞரும் பியானோ இசைஞருமான லயனல் வென்ற்றின் இல்லத்தில் 1943 ஓகஸ்ற் 29ஆம் திகதி ‘43 குழு’ தோன்றியது. ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தரணியகல, ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், மஞ்சுசிறி முதலியோர் அதில் இணைந்தனர். அவ்வாண்டு நவம்பரிலேயே முதற் கண்காட்சி நடைபெற்றது. வென்ற் மறு ஆண்டு டிசம்பரில் காலமானார். குழுவின் படங்கள் 1952இல் இலண்டனுக்கும் பின்னர் பாரிசுக்கும் சென்றன. 1956இல் வெனிஸ் கண்காட்சியில் தரணியகல யுனெஸ்கோ பரிசைப் பெற்றார்.

இக்குழுவினரிற் பெரும்பாலோர் ஆங்கிலக் கல்வி பெற்ற வசதி படைத்தோர் என்பதும், அவர்களது கண்காட்சிகள் பெரிதும் கொழும்பு மக்களுக்கே எட்டின என்பதும் நியாயமான விமர்சனங்களே. முன்னாட் பௌத்த துறவியும் விகாரைச் சுவரோவியங்களைப் படியெடுப்பதில் தம்மை அர்ப்பணித்தவருமான மஞ்சுசிறி போன்றோர் விதிவிலக்குகளாவர். புதிய சுவர் எழும்போதும் அதற்கு வெளியே நிற்போர் இருந்தே வருகின்றனர்.

கொழும்பில் பொரளையிலுள்ள கோதமி விகாரைக்கு இவ்வாண்டு சென்றேன். குழு தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 1939, 1940ஆம் ஆண்டுகளில் கீற் அங்கு புத்தரின் வாழ்க்கையைச் சுவர்களில் வரைந்துள்ளார். அதுவரை நவீன ஓவியத்தை நான் அச்சுப் படங்களாகவே, அதிலும் பெரும்பாலும் உள்ளங்கை அளவிலேயே கண்டிருந்தேன். பாதணியைக் கழற்றிவிட்டு உள்ளே நின்றபோது, கோடுகள் என் உயரத்தையும் கடந்து சென்றன. ஒருவர் முகத்தின் பக்கத்தோற்றமும் அடுத்தவர் உடலின் வளைவும் ஒரே கோட்டில் இணைந்தோடின. பூத்தட்டுடன் வந்த மூதாட்டி ஒருவர் அவற்றை நிமிர்ந்து பார்த்து வணங்கிச் சென்றார். இது எவ்வாதத்தைச் சேர்ந்தது என்ற ஐயம் அவருக்கு எழுந்ததாகத் தெரியவில்லை. நுழைவுச்சீட்டும் தெரிவுக்குழுவும் இல்லாத சுவர் ஒன்றை அன்றுதான் கண்டேன். ஆயின் அச்சுவரும் அதனைக் கீற்றிடம் ஒப்படைக்க ஒருவர் துணிந்தமையாலேயே கிடைத்தது என்பதை நான் மறக்கவில்லை.

4

தெரிவே வேண்டாம் என்பது என் வாதமல்ல. இவ்விதழுக்கு வந்த கட்டுரைகள் அனைத்தையும் அச்சிட முடியாது. போட்டியெனின் பரிசுக்குரியதைத் தீர்மானிக்கவே வேண்டும். தெரிவு செய்பவர் தம் அளவுகோலை இயற்கை விதியென நம்பிவிடும்போதுதான் தீங்கு நேர்கிறது. ஒரு புள்ளியிலிருந்து நோக்கி அண்மை சேய்மையை அமைக்கும் முறை, பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புளோரன்ஸ் நகரில் வகுக்கப்பட்ட ஒரு வழக்கமாகும். அதனைப் பாடசாலையிற் கற்ற நாம், கற்றதை மறந்து, கண்ணின் இயல்பெனக் கொண்டுவிட்டோம்.

அம்மாணவரைத் தேடிச் சென்று பேசினேன். படம் அவரது விடுதியறைச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. கூரையை ஏன் மேலிருந்து வரைந்தீர்கள் என்று கேட்டேன். தோட்டத்தில் மேட்டுப் பாதையால் வீடு திரும்பும்போது முதலிற் கூரையே தெரியும் என்றும், இறங்கி வந்த பின்னரே கதவுகள் தெரியும் என்றும், இரண்டும் சேர்ந்ததே வீடு என்றும் அவர் கூறினார். பிழை என்று நாம் கருதியது, நாள்தோறும் நடந்து பெற்ற அறிவாக இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். “அதனால் என்ன, அண்ணா” என்று சொல்லித் தேநீர் வாங்கித் தந்தார்.

எமது மன்றத்துக்கு ஒரு வேண்டுகோளை முன்வைத்து இக்கட்டுரையை நிறைவு செய்ய விரும்புகிறேன். அடுத்த போட்டியின்போது, பரிசுக்குரியவற்றை நடுவர்கள் வழமைபோலத் தெரிவு செய்யட்டும். ஆனால் வந்து சேரும் படங்கள் அனைத்தும் ஒரு கிழமைக்கேனும் மண்டபச் சுவர்களில் தொங்கட்டும். 1863இல் ஒரு பேரரசன் கூக்குரலுக்கு அஞ்சிச் செய்ததை நாம் விரும்பிச் செய்யலாம். அதற்குத் தேவைப்படுவது சில முழம் கயிறும், எமது தீர்ப்பை மற்றவர்கள் சரிபார்ப்பதற்கு இடமளிக்கும் மனமுமேயாகும்.