பாடவேளையை யார் திட்டமிடுகிறார்கள்? சேலம், நாமக்கல் சமவெளியில் ஆங்கிலப் பாடத்திட்டங்களும் ஆசிரியர் உதவியும்

தமிழ்நாட்டில் பள்ளி ஆங்கிலப் பாடத்திட்டம் மாறும்போதெல்லாம் ஆசிரியருக்கான உதவியும் கூடவே வந்திருக்கிறது. ஒரு காலத்தில் அது பயிற்சி முகாம்; பிறகு அட்டை; இப்போது கையேடு. இவற்றில் சில நிலைத்தன, சில ஓரிரு ஆண்டில் பீரோவுக்குள் போயின. ஆசிரியர்களின் அக்கறையின்மையே காரணம் என்பது அதிகாரிகள் வழக்கமாகச் சொல்வது. சான்றுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. எதை நடத்துவது, எதை விடுவது, எதற்கு எத்தனை பாடவேளை என்பதை உயர் வகுப்புகளில் முடிவு செய்தது பொதுத்தேர்வு வினாத்தாள்தான். அதைத் தொடாமல் வந்த உதவி அந்த வகுப்புகளில் வேர் பிடிக்கவில்லை. தேர்வையே தொழிலாக வளர்த்த நாமக்கல்லும், அதன் தாய் மாவட்டமான சேலமும் இதைத் தெளிவாகப் பார்க்க ஏற்ற களங்கள்.

தொடக்கம் 1959. சென்னை மாநிலம் 1950களில் ஏற்றிருந்த அமைப்புமுறைப் பாடத்திட்டம், வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, வாய்மொழிப் பயிற்சியாக நடத்தச் சொன்னது. இலக்கணமும் மொழிபெயர்ப்பும் கற்பித்துப் பழகியவர்களுக்கு இது புதிது. ஆகவே பிரிட்டிஷ் கவுன்சில் துணையுடன் ஒரு பயிற்சித் திட்டம் வந்தது. வல்லுநர்கள் பயிற்றுநர்களுக்கும், பயிற்றுநர்கள் ஊர் ஊராக ஆசிரியர்களுக்கும் பயிற்சி தரவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஆங்கிலம் தொடங்கும் வகுப்புகளின் 27,000 ஆசிரியர்களை எட்டுவது நோக்கம் என்று டி. ஏ. ஸ்மித் 1962இல் எழுதினார். தருமபுரி (1965), நாமக்கல் (1997) இரண்டும் பிரியாத அன்றைய சேலம் மாவட்டமும் இந்த வலைக்குள் இருந்தது. அந்த எண்ணிக்கையை இன்று படித்தாலும் வியப்புத்தான். ஆனால் கைமாறிக் கைமாறி வரும்போது பயிற்சியில் தங்கியது வாக்கிய வரிசை மட்டுமே. அந்த வரிசைக்கான காரணம் வழியிலேயே உதிர்ந்தது. பொருளோடு பேச வேண்டிய வாக்கியங்கள் வகுப்பில் கூட்டமாக ஒப்பிக்கும் வாய்ப்பாடாயின.

இந்தக் குறையை உள்ளிருந்தே கண்டவர் சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் அவர் நடத்திய சோதனையில், வாக்கிய அமைப்பை நேராகக் கற்பிக்கவில்லை. ரயில் அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்து மாணவர்கள் யோசித்துத் தீர்க்க வேண்டிய பணிகளே பாடமாயின. உலகெங்கும் பேசப்பட்ட முயற்சி அது. இருந்தும் ஆய்வாளர் ஆலன் பெரெட்டா பின்னர் ஆராய்ந்தபோது, திட்டக் குழுவினர் அதைச் சரளமாகக் கையாண்ட அளவுக்கு அந்தப் பள்ளிகளின் வழக்கமான ஆசிரியர்கள் கையாளவில்லை என்று தெரிந்தது. 1990இல் பிரபுவே, எல்லாருக்கும் உகந்த ஒரே சிறந்த முறை கிடையாது, தான் செய்வது ஏன் பலன் தரும் என்ற ஆசிரியரின் சொந்த நம்பிக்கையே கற்பித்தலுக்கு உயிர் என்று வாதிட்டார். அந்த நம்பிக்கையைத் தபாலில் அனுப்ப முடியாது.

தொடக்க வகுப்புகளின் கதை வேறு. ரிஷிவேலி மாதிரியை ஒட்டி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம். பி. விஜயகுமார் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007–08இல் மாநிலம் முழுவதும் பரவியது. கற்றல் படிநிலைகளைக் காட்டும் ஏணிப்படி, அட்டை, தரையில் வட்டமாக அமர்ந்த குழந்தைகள் என்று வகுப்பின் தோற்றமே மாறியது. இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் பள்ளிகளுக்கு இது நடைமுறை உதவி: ஒரு குழுவுக்கு ஆங்கிலம் நடக்கும்போது மற்றவர்கள் அட்டையோடு இருப்பார்கள். குறைகள் சொல்லப்பட்டாலும் அது வகுப்பறையில் நிலைத்தது. அங்கே பொதுத்தேர்வு இல்லை என்பதைத் தற்செயலாகக் கொள்ள முடியாது. 2012–13இல் எட்டாம் வகுப்பு வரையிலும், மறு ஆண்டு ஒன்பதிலும் வந்த முப்பருவ முறை செயல்பாடுகளுக்கு 40 மதிப்பெண் தந்தது. பத்தாம் வகுப்பு வாசலில் அது நின்றுவிட்டது.

அந்த வாசலுக்கு அப்பால் ஆட்சி செய்தது ப்ளூபிரிண்ட். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை வினா என்பது முன்பே தெரிந்ததால், பாடக்குறிப்பேட்டில் எழுதுவது ஒன்றாகவும் வகுப்பில் நடப்பது வேறாகவும் ஆயிற்று. மனப்பாடச் செய்யுள், பிழை திருத்தம், ரோடு மேப் வரைந்து வழி சொல்வது என்று மதிப்பெண் உறுதியான வினாக்களுக்குப் பாடவேளைகள் போயின. ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் வட்டார விடுதிப் பள்ளிகள் இதை ஒரு கலையாகவே ஆக்கின. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்பை இரண்டு ஆண்டு நடத்தும் வழக்கம் தனியார் பள்ளிகளில் பரவியது. 2017–18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வர அதுவும் ஒரு காரணம். அரசுப் பள்ளிகளுக்கு, தேர்ச்சிக்குப் போதுமானதை மட்டும் தொகுத்த, மெல்லக் கற்போருக்கான ‘மினிமம் மெட்டீரியல்’ வந்தது. ஆசிரியர்களே கூடித் தயாரித்து அவர்களே விரும்பிப் பயன்படுத்திய பாடத் திட்டமிடல் உதவி என்று ஒன்றைச் சொல்வதானால் இதைத்தான் சொல்ல வேண்டும்! மற்ற உதவிகளுக்கு வாய்க்காத வரவேற்பு இதற்குக் கிடைத்தது, தேர்வின் மொழியில் அது பேசியதால்.

இதற்கு மறுப்பு உண்டு. அந்த முறைதானே முதல் தலைமுறை மாணவர்களைத் தேர்ச்சி பெற வைத்து மேற்படிப்புக்கு அனுப்பியது என்பார்கள். உண்மை, அதை இகழ வேண்டியதில்லை. ஆனால் அது நிரூபிப்பது தேர்வின் வலிமையைத்தான். தேர்வு வேறொன்றைக் கேட்டிருந்தால் அதே உழைப்பு அங்கே போயிருக்கும். 2018க்குப் பின் நடந்ததே சான்று. எம். அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் வழிகாட்டலில் 2018–19, 2019–20 ஆண்டுகளில் புதிய நூல்கள் வந்தபோது ப்ளூபிரிண்ட் கைவிடப்பட்டது, ஆங்கிலத்தின் இரு தாள்கள் ஒன்றாயின. எந்தப் பாடத்தையும் துணிந்து விட முடியாத நிலையில் ஆசிரியரின் ஆண்டுத் திட்டம் மாறியே தீர வேண்டியிருந்தது. நூல் கனமாகிவிட்டது, நாள் போதவில்லை என்ற புலம்பலும் அப்போதுதான் கூடியது. அதில் நியாயம் உண்டு.

2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்கு வந்து, மறு ஆண்டு ஐந்து வரை விரிந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தை என் வாதத்துக்கு எதிராகக் காட்டலாம். தேர்வில்லாத வகுப்புகளுக்கான விரிவான ஆசிரியர் கையேடு, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்த பயிற்சிநூல், குறுவள மையக் கூட்டம் எல்லாம் இருந்தும் ஆசிரியர்கள் ஏன் சலித்துக்கொள்கிறார்கள்? பாடவேளை வாரியாக எழுதப்பட்ட கையேடு புதிய ஆசிரியருக்குக் கைப்பிடி என்பதை ஏற்கிறேன். ஆனால் செயலியில் மதிப்பீட்டைப் பதிவேற்றும் கட்டாயம் இங்கே தேர்வின் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. பதிவாவது எதுவோ அதை ஒட்டியே பாடவேளையும் நகர்கிறது. உத்தமசோழபுரத்தில் உள்ள சேலம் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் போன்றவை கையேட்டை விளக்குவதோடு நிற்காமல், அதை ஊருக்கேற்ப மாற்றி எழுதும் உரிமையும் நேரமும் ஆசிரியருக்குக் கிடைக்கச் செய்தால் பலன் கூடும். உயர்நிலையில் அதுவும் போதாது. பத்தாம் வகுப்பு ஆங்கில நூலில் கேட்டலுக்கும் பேசுதலுக்கும் பகுதிகள் இருக்கின்றன. பொதுத்தேர்வின் 100 மதிப்பெண்ணும் எழுத்துக்கே. அந்தப் பகுதிகள் பாடக்குறிப்பில் தவறாமல் இடம்பெறும், ஜனவரியில் திருப்புதல் தேர்வு தொடங்கியதும் வகுப்பிலிருந்து விடைபெறும்.