வாக்கர்ட்டன் ஊரின் குடிநீரும் இரண்டு பதிவேடுகளும்



சில வாரங்களுக்கு முன் ஆறாம் ஆண்டு அறிவியல் பாடத்தில் நுண்ணுயிர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பின் வரிசை மாணவன் ஒருவன் தன் தண்ணீர்ப் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஐயா, இது கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறதே. இதில் என்ன இருந்துவிடப் போகிறது?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால், அவன் கேட்ட கேள்வியைத்தான் கனடாவின் ஒரு சிற்றூரில் பொறுப்பான இரண்டு பேர் பல ஆண்டுகளாகத் தங்களுக்குள் கேட்டு, "ஒன்றும் இருக்காது" என்று விடையும் சொல்லிக்கொண்டார்கள். அந்த ஊரின் வரலாற்றைத்தான் இன்று எழுதுகிறேன்.

ஊரின் பெயர் வாக்கர்ட்டன். ஒண்டாரியோ மாநிலத்தில், சுற்றிலும் பண்ணைகள் சூழ அமைந்த ஊர். 2000-ஆம் ஆண்டில் அங்கு ஏறத்தாழ ஐயாயிரம் பேர் வாழ்ந்தனர். ஊருக்குத் தேவையான தண்ணீர் ஆற்றிலிருந்து வரவில்லை. நிலத்தடிக் கிணறுகளிலிருந்து இறைக்கப்பட்டு, குளோரின் சேர்க்கப்பட்டு, குழாய்களில் அனுப்பப்பட்டது. கிணறுகளில் ஒன்று ஐந்தாம் எண் கிணறு. 1978-இல் தோண்டப்பட்டது. அதற்குள் நீர் ஊறி வரும் பகுதி தரைக்குக் கீழே ஏழெட்டு மீட்டருக்குள்ளேயே இருந்தது. பக்கத்திலேயே மாட்டுப் பண்ணை. கிணறு தோண்டிய காலத்திலேயே, இது மேற்பரப்பு நீரால் மாசுபடக்கூடிய கிணறு என்று நிபுணர்கள் எடுத்துரைத்தார்கள். அந்த எச்சரிக்கை கோப்பில் இருந்தது. கிணறு ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே குளோரினைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். கதையின் முடிச்சு இதில்தான் இருக்கிறது. தண்ணீரில் குளோரின் சேர்த்தவுடன், அதில் உள்ள அழுக்கும் கிருமிகளும் அந்தக் குளோரினைத் 'தின்று' தீர்க்கின்றன. தின்றது போக எஞ்சி நிற்பதுதான் மீதக் குளோரின். அந்த மீதம் போதிய அளவு இருந்தால் தண்ணீர் பாதுகாப்பாக இருக்கிறது என்று பொருள். நேற்று வரை இருந்த மீதம் இன்று திடீரெனக் காணாமல் போனால், ஏதோ ஒன்று உள்ளே வந்து அதைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். எனவே மீதத்தை அளப்பது என்பது வெறும் சடங்கு அன்று. அது காவல்காரனின் கண். ஒண்டாரியோவில் அப்போது இருந்த வழிகாட்டி, லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மீதம் இருக்க வேண்டும் என்றது. அளக்கும் வேலையும் கடினமானதன்று. சிறு குழாயில் நீரை எடுத்து, மருந்தைக் கலந்து, நிறத்தைப் பார்க்க வேண்டும். நம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள்.

வாக்கர்ட்டனில் நீர் வழங்கலைக் கவனித்தவர்கள் ஸ்டான் கோபெல் என்ற மேலாளரும், அவருடைய சகோதரர் பிராங்க் கோபெலும். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள். அந்த அனுபவத்தின் பேரிலேயே, தேர்வு எதுவும் எழுதாமல், சான்றிதழ் பெற்றவர்கள். ஒவ்வொரு நாளும் கிணற்றடிக்குச் சென்று மீதக் குளோரினை அளந்து நாள்தாளில் எழுத வேண்டியது அவர்கள் கடமை. தாள்கள் ஒருநாளும் வெறுமையாக இருந்ததில்லை. 0.5, 0.75, 0.5, 0.75 என்று அழகாக நிரம்பியிருந்தன. பெரும்பாலான நாள்களில் யாரும் அளக்கவே இல்லை. குளோரினையும் குறைவாகவே சேர்த்தார்கள். ஊர் மக்கள் சிலருக்கு அந்த வாடை பிடிக்கவில்லை என்பதும் ஒரு காரணம். மாதிரி நீரை வேறோர் இடத்தில் பிடித்துவிட்டு வேறோர் இடத்தின் பெயரை ஒட்டுவதும் நடந்தது.

அவர்கள் கொடியவர்களா? விசாரணையில் வெளிவந்த செய்தி அப்படிச் சொல்லவில்லை. குளோரின் சேர்க்காத அந்த நீரையே அவர்கள் குடித்தார்கள். நல்ல தண்ணீர் என்று மனமார நம்பினார்கள். படிக்கப் படிக்க என்னை உறுத்தியது இதுதான். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் கதை எளிதாக இருந்திருக்கும்.

2000 மே 8 முதல் 12 வரை அங்கே கடும் மழை. ஐந்து நாளில் 134 மில்லிமீட்டர். அதில் 12-ஆம் தேதி மட்டும் ஏறக்குறைய 70. நம் நாட்டு அடைமழையோடு ஒப்பிட்டால் இது பெரிதில்லை என்று தோன்றலாம். ஆனால், அருகிலிருந்த பண்ணையில் ஏப்ரல் இறுதியில் மாட்டெரு இடப்பட்டிருந்தது. மழைநீர் அந்த எருவிலிருந்த கிருமிகளை மண்ணிடுக்குகளின் வழியே ஐந்தாம் கிணற்றுக்குள் கொண்டு சேர்த்தது. ஓ157 வகை ஈ.கோலை என்பதும் கம்பைலோபாக்டர் என்பதும் அந்தக் கிருமிகள். (பண்ணையாளர் முறைப்படியே எரு இட்டிருந்தார், அவர் மீது குற்றம் இல்லை என்று விசாரணை தெளிவாகக் கூறியது.) கிருமிகள் குளோரினைத் தின்று தீர்த்தன. மே 13-ஆம் தேதி நாள்தாளில் எழுதப்பட்ட மீதம் 0.75. அன்று யாரும் அளந்திருக்கவே முடியாது என்பது பிற்காலத்தில் உறுதியாயிற்று. அளந்திருந்தால் அந்த இடத்தில் ஏறக்குறைய சுழியம்தான் வந்திருக்கும்.

மே 17, புதன்கிழமை. பரிசோதனைக் கூடத்திலிருந்து மேலாளருக்குத் தகவல் வந்தது: மாதிரிகளில் ஈ.கோலை இருக்கிறது. அந்தக் கூடம் தனியார் கூடம். 1996 வரை அரசே செய்துவந்த நீர்ப் பரிசோதனை, செலவுக் குறைப்பின் பொருட்டு அந்த ஆண்டில் தனியாரிடம் விடப்பட்டது. ஆபத்தான முடிவு வந்தால் சுகாதார அதிகாரிக்கும் நேரே தெரிவிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் அப்போது இல்லை. ஆகவே செய்தி ஒரே ஒருவர் கைக்குப் போயிற்று. அவர் அதை எவரிடமும் சொல்லவில்லை.

மறுநாள், மே 18, அந்த ஊரின் ஒரு பள்ளியில் 20 மாணவர்கள் வரவில்லை. இரண்டு குழந்தைகள் இரத்த வயிற்றுப்போக்குடன் பக்கத்து நகரமான ஓவன் சவுண்டின் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

ஆசிரியர்களாகிய நாம் இந்த இடத்தில் சற்று நிற்கலாம். அந்த ஊரில் அந்த வாரம் இரண்டு பதிவேடுகள் எழுதப்பட்டன. ஒன்று கிணற்றடி நாள்தாள். மற்றொன்று பள்ளியின் வருகைப் பதிவேடு. நோய் ஊருக்குள் வந்துவிட்டது என்பதை முதலில் காட்டியவற்றுள், நாம் தினமும் காலையில் சலிப்போடு குறிக்கிறோமே, அந்த இரண்டாவது பதிவேடும் ஒன்று. மறுநாள் வராதோர் எண்ணிக்கை கூடியது. பள்ளித் தரப்பிலிருந்து சுகாதாரத் துறைக்குத் தொலைபேசி சென்றது. குழந்தை மருத்துவர் ஒருவரும் அதே நாளில் தம் ஐயத்தைத் தெரிவித்தார்.

சுகாதாரத் துறையினர் மேலாளரைக் கேட்டார்கள்: "தண்ணீர் எப்படி?" அவர் நன்றாக இருக்கிறது என்றார். மே 20-ஆம் தேதி மீண்டும் கேட்டார்கள். மீண்டும் அதே விடை. இத்தனைக்கும் அவர் மே 19-ஆம் தேதியிலிருந்தே குழாய்களைக் கழுவி, குளோரினை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார். சரிசெய்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று எண்ணியிருக்க வேண்டும். அதற்குள் ஓ157 கிருமி நோயாளியின் மலச் சோதனையில் தென்பட்டது. இறுதியில், மாவட்டச் சுகாதார அதிகாரி மருத்துவர் மரே மெக்குவிக், நீரில் கிருமி உண்டு என்ற ஆய்வு முடிவு தம் கைக்கு வரும் முன்னரே, மே 21 ஞாயிறு பிற்பகல், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்குமாறு வானொலி வழி அறிவித்தார். நீண்ட விடுமுறை வாரம். ஊரில் பாதிப் பேருக்குத்தான் அன்று அந்தச் செய்தி எட்டியது. மறுநாள் முதல் மரணம்.

அந்த மறுநாளில்தான், மே 22-ஆம் தேதி, ஏழாம் எண் கிணற்றின் நாள்தாளைத் திருத்தி எழுதுமாறு மேலாளர் தம் சகோதரரிடம் சொன்னார். மே 15 முதல் 19 வரை அந்தக் கிணற்றில் குளோரின் கருவியே இல்லாமல் நீர் ஓடியதை மறைப்பதற்காக. ஊரில் பிள்ளைகள் படுக்கையில் கிடந்தார்கள். இங்கே தாள் சுத்தமாக்கப்பட்டது.

7 பேர் இறந்தனர். ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றனர். ஊரின் மக்கள்தொகையை நினைவில் கொள்ளுங்கள். 27 பேருக்குச் சிறுநீரகத்தைத் தாக்கும் கடும் நோய் வந்தது. அது பிள்ளைகளை அதிகம் தாக்குவது, சிலருக்கு வாழ்நாள் முழுதும் தொடர்வது. கொதிக்க வைக்கும் அறிவிப்பு 2000 டிசம்பரில்தான் நீக்கப்பட்டது.

நீதியரசர் டெனிஸ் ஓ'கானர் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. 2002-இல் இரு பகுதிகளாக வெளிவந்த அதன் அறிக்கை சகோதரர்களோடு நின்றுவிடவில்லை. சுற்றுச்சூழல் அமைச்சின் ஆய்வாளர்கள் 1998-இல் வந்து, ஈ.கோலை தென்பட்டதையும் குளோரின் போதாமையையும் கண்டு, குறிப்பெழுதிச் சென்றார்கள்; திரும்பி வந்து பார்க்கவில்லை. அமைச்சின் ஊழியர்களில் எழுநூற்றைம்பது பேருக்கு மேல் அந்த ஆண்டுகளில் குறைக்கப்பட்டிருந்தனர். குளோரின் மீதத்தை இடைவிடாது அளக்கும் கருவி ஐந்தாம் கிணற்றில் பொருத்தப்பட்டிருந்தால் இந்தத் துயரம் நடந்தே இருக்காது என்று ஆணையம் முடிவு செய்தது. கருவிக்குப் பொய் எழுதத் தெரியாதல்லவா? அதே 2002-இல் ஒண்டாரியோவில் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் வந்தது. சகோதரர்கள் 2004-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். ஸ்டானுக்கு ஓராண்டுச் சிறை. பிராங்குக்கு ஒன்பது மாத வீட்டுக்காவல். நீர் வழங்கல் ஊழியர்களைப் பயிற்றுவிக்கும் நிலையம் ஒன்று 2004-இல் வாக்கர்ட்டனிலேயே நிறுவப்பட்டது.

நம் நாட்டில் 2020 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் ஏறத்தாழ பன்னிரண்டு இலட்சம் இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது பலருக்கு நினைவிருக்கும். வாளிகளைச் சுமந்துகொண்டு நாம் எல்லாரையும் திட்டித் தீர்த்தோம். ஆற்று நீரில் துர்நாற்றம் கண்டறியப்பட்டு, அதனால் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டதால் வந்த தடை அது. வாக்கர்ட்டனில் ஒரு நாள்கூடத் தண்ணீர் நிற்கவில்லை. வாடையும் இல்லை, நிறமும் இல்லை. இரண்டில் எது பெரிய ஆபத்து என்று அந்தப் போத்தல் மாணவனிடம் கேட்டேன். அவன் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இதை எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் நான் ஒரு தோட்டப் பள்ளியில் இருந்தேன். சிற்றுண்டிச்சாலைக்கு வெளியே பிள்ளைகள் நீர் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருந்தது. பக்கத்தில் ஓர் அட்டை. வாரந்தோறும் பொறுப்பாசிரியர் வடிகட்டியைத் திறந்து பார்த்துத் தேதியிட்டுக் கையொப்பமிட வேண்டும். பொறுப்பாசிரியர் நான்தான். முதல் சில வாரங்கள் பார்த்தேன். பிறகு பார்க்காமல் கையொப்பமிட்டேன். பிறகு ஒரே வெள்ளிக்கிழமையில் மூன்று வாரக் கட்டங்களை நிரப்பினேன். வேறுபாடு தெரியட்டும் என்று இரண்டு நிறப் பேனாக்களைப் பயன்படுத்தினேன். அடுத்த பருவத்தில் பள்ளிப் பணியாளர் அதைக் கழற்றியபோது வெள்ளையாக இருக்க வேண்டிய உருளை பழுப்பாக, வழவழவென்று இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் நேரவில்லை. அதனால்தான் இதை நான் இத்தனை ஆண்டுகள் யாரிடமும் சொல்லாமல் இருக்க முடிந்தது. வாக்கர்ட்டனிலும் மிகப் பல ஆண்டுகள் ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை.

இப்போது பணியாற்றும் பள்ளியிலும் அப்படியோர் அட்டை இருக்கிறது. பொறுப்பும் என்னிடமே. திங்கட்கிழமைகளில் அந்தப் போத்தல் மாணவனும் அவன் நண்பனும் உடன் வந்து, நான் வடிகட்டியைத் திறப்பதைப் பார்த்த பிறகே பேனாவை நீட்டுகிறார்கள். இம்மாதத்தின் இரண்டாம் திங்களன்று நான் காய்ச்சலில் விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்ததும், "ஐயா, அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது?" என்று கேட்டார்கள். அது இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.