கிளி நூறு வருடம் வாழுமா?

"கிளி நூறு வருஷம் வாழும்" என்று யாராவது சொல்லி நாம் எல்லோருமே கேட்டிருப்போம். உண்மையா? இதற்குப் பதில் தேடிப் போனால் விலங்கியலை விட வரலாறுதான் அதிகம் உதவுகிறது. ஏனென்றால் ஒரு கிளியின் வயதைச் சரியாகச் சொல்ல வேண்டுமானால், அது முட்டையிலிருந்து வெளிவந்த நாளை யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும்!

எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும்? 2004-ல் இங்கிலாந்தில் சார்லி என்ற பஞ்சவர்ணக்கிளி பத்திரிகைகளில் பெரும் புகழ் பெற்றது. 1899-ல் பிறந்தது, வின்ஸ்டன் சர்ச்சில் வளர்த்தது என்றார் அதன் உரிமையாளர். அப்பா பஞ்சவர்ணக்கிளி வளர்த்ததே இல்லை என்று சர்ச்சிலின் மகள் மறுத்துவிட்டார். அந்த வயதுக்கும் ஆதாரம் எதுவும் இல்லை.

ஆதாரம் உள்ள கிளி குக்கி. இது ஆஸ்திரேலிய காக்கட்டூ வகை. சிட்னி டாரோங்கா விலங்குக் காட்சிசாலையில் 1933-ல் பிறந்தது. 1934-ல் அமெரிக்காவில் சிகாகோ அருகே புரூக்ஃபீல்டு காட்சிசாலை திறக்கப்பட்டபோது அங்கே வந்து சேர்ந்தது. 2016 ஆகஸ்டில் இறந்தபோது வயது 83. உயிருடன் இருக்கும் மிக மூத்த கிளி என்று கின்னஸ் புத்தகத்திலும் இடம்பெற்றது.

ஆனால் கூண்டு வாழ்க்கை சுகமானது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். முதல் 40 வருடங்கள் குக்கிக்கு விதைகள் மட்டுமே உணவு. கிளிகளுக்கு என்ன சத்து தேவை என்பது அன்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கடைசிக் காலத்தில் அதற்கு எலும்புத் தேய்மானம் வந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று கருதினார்கள்.

சரி, காட்டுக் கிளி? நியூசிலாந்தின் காகாப்போ பறக்கத் தெரியாத கிளி. மனிதர்கள் கொண்டுவந்த மரநாய் வகைகளும் பூனைகளும் இதை வேட்டையாடியே கிட்டத்தட்ட அழித்துவிட்டன. 1975-ல் ஃபியோர்ட்லாந்து மலைப்பகுதியில் ஒரு ஆண் காகாப்போ கிடைத்தது. 1890-களிலேயே இந்தப் பறவைகளைக் காப்பாற்றப் போராடிய ரிச்சர்ட் ஹென்றியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 2010-ல் அது இறந்தபோது வயது 80 இருக்கலாம் என்றார்கள். ஆனால் பதிவில் இருப்பது 35 வருடங்கள் மட்டுமே. கிடைத்தபோதே அது வளர்ந்த பறவை. அதற்கு முந்தைய கணக்கு காட்டுக்குத்தான் தெரியும்.

சாதனை வயது வேறு, சராசரி வயது வேறு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட காட்சிசாலைகளின் பதிவேடுகளிலிருந்து 1,30,000-க்கும் அதிகமான கிளிகளைக் கணக்கெடுத்த ஓர் ஆய்வு 2022-ல் வெளியானது. சிறிய அத்திக்கிளியின் சராசரி ஆயுள் சுமார் 2 வருடம். சிவப்புப் பஞ்சவர்ணக்கிளிக்கு சுமார் 30 வருடம். எதிரி இல்லாத, வேளாவேளைக்குத் தீனி கிடைக்கும் இடத்திலேயே இவ்வளவுதான்! அப்படியென்றால் பருந்துக்கும் பஞ்சத்துக்கும் நடுவே வாழும் காட்டுக் கிளிக்கு நூறு வயது என்பதை எப்படி நம்புவது?

கடைசியாக ஒன்று. 1998-ல் ரிச்சர்ட் ஹென்றிக்கு மூன்று குஞ்சுகள் பிறந்தன. ஃபியோர்ட்லாந்துக் காகாப்போக்களின் வம்சம் இன்று மிச்சமிருப்பது அந்தக் குஞ்சுகளால்தான். அதன் வயது சரியாகத் தெரியாமல் போனாலும், அது உயிரோடு இருந்த வருடங்கள் வீண் போகவில்லை.