ஊட்டோ தீவின் வெள்ளைக் கல்

ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே பால்டிக் கடலில் ஊட்டோ என்றொரு தீவு. பல நூற்றாண்டுகள் அங்கே இரும்புத் தாது வெட்டினார்கள். தாதுவை ஊடறுத்து வெளிறிய பெக்மடைட் பாறை ஒன்று சுவர்போல ஓடியது. இரும்பு இல்லாத பாறையால் சுரங்கக்காரர்களுக்கு என்ன பயன்? உடைத்து மேலே ஏற்றிக் கழிவோடு கொட்டினார்கள்.

அப்படிக் கழிக்கப்பட்ட பாறையில் இருந்ததுதான் பெட்டலைட். பார்வைக்கு ஃபெல்ஸ்பார் போலவே வெள்ளை. சில துண்டுகளில் இளஞ்சிவப்புச் சாயல். கையில் எடுத்தால் சற்றே லேசு, தட்டினால் ஏடு ஏடாகப் பிளக்கும். பிரேசிலில் பிறந்த ஜோசே போனிஃபாசியோ 1800-ல் இதைப் புதிய கனிமமாக விவரித்தார். பின்னாளில் தன் நாட்டின் விடுதலையை முன்நின்று நடத்தியவரும் இவரே.

கல்லுக்குள் இருப்பது என்ன என்பது தெரிய 1817 வரை ஆயிற்று. வேதியியலாளர் பெர்சீலியஸின் ஆய்வகத்தில், 25 வயது யோஹன் ஆர்வெட்சன் அதைப் பொடித்துப் பகுத்தார். நூற்றுக்குச் சிலிக்கா ஏறக்குறைய 80 பங்கு, அலுமினா 17. நூறு வரவில்லை. மிச்சம் ஒரு காரம். பொட்டாசியமாக இருந்தால் டார்டாரிக் அமிலத்தில் வீழ்படிவு தந்திருக்க வேண்டும், தரவில்லை. சோடியம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு உதைத்தது. அவர் தராசையே நம்பினார். அதுவரை யாரும் அறியாத தனிமம் அது: லித்தியம். பழைய அட்டவணைக்குள் அதைத் திணித்துவிடாத அந்த நேர்மைக்காகவே ஆர்வெட்சனை நான் மதிக்கிறேன்.

இந்தப் பாறை பிறந்த விதம் இன்னும் சுவையானது. கிரானைட் குழம்பு இறுகும்போது முதலில் உருவாகும் கனிமங்களில் லித்தியம், போரான், டான்டலம் ஆகியவற்றுக்கு அவ்வளவாக இடமில்லை. அவை கடைசியாக மிஞ்சும் நீர் செறிந்த குழம்பில் சேர்கின்றன. அது விரிசல்களில் புகுந்து உறைந்தால் பெக்மடைட். இதில் பெட்டலைட் இருப்பதே ஒரு சாட்சியம். அழுத்தம் மிகுந்த ஆழத்தில் உறைந்திருந்தால், அதன் இடத்தை ஸ்போடுமீன் என்ற இன்னொரு லித்தியம் கனிமம் பிடித்திருக்கும். லித்தியம் பக்கத்துக் கரும்பாறைக்குள்ளும் கசிந்தது. அங்கே ஊதா கலந்த நீல ஊசிகளாக ஹோம்க்விஸ்டைட் என்ற கனிமம் விளைந்தது.

சுரங்கம் 1879-ல் மூடப்பட்டது. பெக்மடைட் பாறையின் வயதைப் பின்னாளில் அதிலிருந்த டான்டலம் தாதுவின் படிகங்கள் சொல்லின. அவற்றில் சிக்கிய சிறிதளவு யுரேனியம் ஈயமாக மாறிய விகிதத்தை அளந்தார்கள். கிடைத்த விடை சுமார் 180 கோடி ஆண்டுகள்.