மோல்ரனில் வெட்டப்பட்ட அம்பு

இருபதாம் நூற்றாண்டின் முக்கிய நிகழ்வுகள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் இரண்டு திகதிகள் தப்பாமல் இருக்கும். ஒன்று 1957ம் ஆண்டு ஒக்டோபர் 4ம் திகதி, சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவிய நாள். மற்றது 1969ம் ஆண்டு யூலை 20ம் திகதி, இரண்டு அமெரிக்கர்கள் சந்திரனில் இறங்கிய நாள். இவற்றுக்கு இடைப்பட்ட காலத்தை இரண்டு வல்லரசுகள் ஓடிய ஓட்டப்பந்தயமாகவே நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்தப் பந்தயத்தில் நான் வசிக்கும் பிறம்ரனுக்கு வேலிக்கு அப்பால் உள்ள மோல்ரன் என்ற சிற்றூருக்கும் ஒரு பங்கு இருந்தது என்பதை இங்கு வந்து பல வருடங்களின் பின்னர்தான் வாசித்து அறிந்தேன். அந்தப் பங்கு ஒரு வெற்றியால் வரவில்லை, பெரியதொரு வேலைநீக்கத்தால் வந்தது. அதனால்தான் அதைப்பற்றி எழுதத் தோன்றியது.

மோல்ரனை நம்மவர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பெட்டிகளோடும் பயத்தோடும் நாங்கள் வந்து இறங்கிய பியர்சன் விமானநிலையத்தின் பழைய பெயரே மோல்ரன் விமானநிலையம்தான். இரண்டாம் உலகப்போரின்போது அதை ஒட்டியிருந்த விக்ரறி எயார்கிராஃப்ற் தொழிற்சாலையில் 430 லங்காஸ்ரர் குண்டுவீச்சு விமானங்கள் கட்டப்பட்டன. போர் முடிந்த 1945ல் பிரித்தானியாவின் ஹோக்கர் சிட்லி குழுமம் அந்தத் தொழிற்சாலையை வாங்கி அவ்ரோ கனடா என்ற நிறுவனத்தைத் தொடங்கியது.

நான்கே ஆண்டுகளில் அவர்கள் செய்து காட்டியதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. உலகின் முதலாவது ஜெற் பயணிகள் விமானமான பிரித்தானியாவின் கொமெற் பறந்தது 1949ம் ஆண்டு யூலை 27ம் திகதி. இரண்டாவதாகப் பறந்தது மோல்ரனில் கட்டப்பட்ட ஜெற்லைனர், ஓகஸ்ட் 10ம் திகதி. இரண்டு கிழமை வித்தியாசம்! மறு ஆண்டு ஏப்ரலில் அது ரொறன்ரோவிலிருந்து நியூயோர்க்குக்குத் தபால் கொண்டுபோனது. ஆனால் கொரியப் போர் வந்ததும் போர்விமானம்தான் முக்கியம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. ஒரேயொரு ஜெற்லைனரும் 1956ல் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. பின்னால் வரப்போவதற்கு இது ஒத்திகை போல அமைந்துவிட்டது. போர்விமானப் பக்கத்தில் சி.எப்-100 என்ற விமானம் நன்றாகவே ஓடியது. 692 விமானங்கள் கட்டினார்கள், பெல்ஜியமும் வாங்கியது.

அடுத்து வந்ததுதான் சி.எப்-105. ஏரோ, அதாவது அம்பு என்று பெயர் வைத்தார்கள். அது ஏன் தேவைப்பட்டது என்பதை விளங்கிக்கொள்ள ஒரு பூகோள உருண்டையை எடுத்து மேலிருந்து பார்க்க வேண்டும். சுவரில் தொங்கும் படத்தில் ரஷ்யாவும் அமெரிக்காவும் இரண்டு அந்தங்களில் இருக்கும். உருண்டையில் பார்த்தால் வடதுருவத்துக்கு மேலாக ஒன்றை ஒன்று எட்டிப்பார்க்கும், நடுவில் கனடா கிடக்கும். அணுகுண்டு சுமந்த சோவியத் விமானங்கள் வந்தால் கனடாவின் வானத்தால்தான் வரவேண்டும். அவற்றை வடக்கிலேயே மறிப்பதற்கு ஒலியை மிஞ்சிய வேகத்தில், எந்தக் காலநிலையிலும், மிக உயரத்தில் பறக்கக்கூடிய ஒரு விமானத்தைக் கனடிய விமானப்படை கேட்டது. அப்படி ஒன்று அப்போது உலகச் சந்தையில் இருக்கவில்லை. நாங்களே செய்கிறோம் என்றது அவ்ரோ.

முக்கோண இறக்கை, விமானியின் கைப்பிடி அசைவை மின்சமிக்ஞையாக மாற்றிச் சிறகுகளுக்கு அனுப்பும் கட்டுப்பாடு, இரோக்குவா என்ற பெயரில் சொந்த இயந்திரம் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புதிதாகச் செய்ய முனைந்தார்கள். அந்தத் துணிவு பெரியது. செலவும் அதற்கேற்ப ஏறிக்கொண்டே போனது.

முதலாவது ஏரோவைக் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்து ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் காட்டினார்கள். அந்த நாள் 1957ம் ஆண்டு ஒக்டோபர் 4ம் திகதி. ஆம், ஸ்புட்னிக் ஏவப்பட்ட அதே நாள். மறுநாள் உலகத்துக்கு வேறு செய்தி எதுவும் தேவைப்படவில்லை. தற்செயல்தான், ஆனால் செய்தி மறைந்துபோனதோடு அது முடியவில்லை. ஸ்புட்னிக்கைத் தூக்கிய ரொக்கற் உண்மையில் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை. குண்டை ரொக்கற்றில் அனுப்ப முடியுமென்றால் விமானத்தை மறிக்கும் விமானம் எதற்கு என்ற கேள்வி ஒட்டாவாவில் அன்றே முளைத்துவிட்டது.

ஏரோ முதன்முதலில் பறந்தது 1958ம் ஆண்டு மார்ச் 25ம் திகதி. ஓட்டியவர் யானுஸ் சுராக்கோவ்ஸ்கி. போலந்துக்காரர், ஹிட்லரின் படையெடுப்பால் நாட்டை இழந்து பிரித்தானியாவுக்குப் போய் அங்கு விமானப்படையில் சண்டை பிடித்துவிட்டு 1952ல் கனடாவுக்குக் குடிவந்தவர். அகதியாக அலைந்த ஒருவர் கனடாவின் பெருமைக்குரிய விமானத்தை முதலில் ஓட்டினார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அதே ஆண்டு நவம்பரில், இரோக்குவா இயந்திரம் தயாராகாததால் அமெரிக்க இயந்திரத்தைப் பூட்டியே, ஒலியின் வேகத்தில் 1.98 மடங்கைத் தொட்டது. அப்போதும் ஓட்டியவர் இன்னொரு போலந்துக்காரர்தான்.

இதற்கிடையில் அரசாங்கம் மாறியிருந்தது. 1957 யூனில் லிபரல் கட்சியைத் தோற்கடித்து ஜோன் டீபன்பேக்கர் பிரதமரானார். அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஏரோவை வாங்கவில்லை. கனடா தனக்குத் தேவையென்று நினைத்த எண்ணிக்கையும் குறைந்துகொண்டு போனது. எண்ணிக்கை குறையக் குறைய ஒவ்வொரு விமானத்தின் விலையும் ஏறும் என்பது கடைக்கணக்குத் தெரிந்தவருக்கும் விளங்கும். 1959ம் ஆண்டு பெப்ரவரி 20ம் திகதி, வெள்ளிக்கிழமை, திட்டம் கைவிடப்பட்டதாகப் பிரதமர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அன்று பிற்பகல் தொழிற்சாலையின் ஒலிபெருக்கியில் நிறுவனத் தலைவர் குறோஃபோர்ட் கோர்டன் எல்லோருக்கும் வேலை போய்விட்டதென்று சொன்னார். அவ்ரோவிலும் அதன் இயந்திரப் பிரிவான ஒரெண்டாவிலும் ஒரே நாளில் வேலை இழந்தவர்கள் 14,000 பேருக்கு மேல். பாகங்கள் செய்து கொடுத்த சிறு தொழிற்சாலைகளில் போன வேலைகள் தனி.

நானும் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் லே-ஓஃப் கடிதம் வாங்கியிருக்கிறேன். பிளாஸ்ரிக் வார்க்கும் ஒரு தொழிற்சாலையில், எங்களோடு நாற்பது பேருக்கு. சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பிடத்தில் யாரும் யாரோடும் கதைக்காமல் நின்றோம். அந்த நாற்பதைப் பதினாலாயிரமாக நினைத்துப் பார்க்க எனக்கு முடியவில்லை.

கைவிட்டது சரியா பிழையா என்று கனடியர்கள் இன்றுவரை சண்டை பிடிக்கிறார்கள். என் எண்ணம், செலவைப் பார்த்து நிறுத்தியதில் நியாயம் இருந்தது. ஆனால் நிறுத்திய விதத்தில் நியாயமே இல்லை. பறந்த ஐந்து விமானங்களையும், முடிகிற கட்டத்தில் நின்றவற்றையும் துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்தார்கள். வரைபடங்களையும் அழித்தார்கள். ஒன்றையாவது நூதனசாலைக்கு வைத்திருக்கலாமே! இரகசியம் வெளியே போய்விடும் என்ற பயம் என்று சொல்லப்பட்டது. யார் உத்தரவிட்டது என்று நெடுங்காலம் ஆளையாள் கைகாட்டினார்கள். பிந்தி வெளியான ஆவணங்கள் பாதுகாப்பு அமைச்சைத்தான் காட்டுகின்றன. ஒரு விமானம் மட்டும் இரவோடிரவாகத் தப்பிப் பறந்துபோனது என்ற கதையும் இங்கே உலாவுகிறது. 1997ல் சி.பி.சி. தொலைக்காட்சியில் வந்த நாடகம் அந்தக் கதைக்கு நன்றாகத் தண்ணீர் ஊற்றியது. நல்ல கதை, அவ்வளவுதான்.

இன்னுமொரு வேடிக்கை. ஏரோவுக்குப் பதிலாகக் கனடா அமெரிக்காவிடம் பொமார்க் ஏவுகணைகளை வாங்கியது. அவற்றுக்கு அணுகுண்டு முனை வேண்டும், அதை ஏற்பதா இல்லையா என்று டீபன்பேக்கரால் முடிவெடுக்க முடியவில்லை. அந்தச் சர்ச்சையிலேயே 1963ல் அவருடைய அரசாங்கம் கவிழ்ந்தது. விமானங்களின் காலம் முடிந்துவிட்டதென்று சொன்னவர்கள் 1961ல் அமெரிக்க விமானப்படை பாவித்த 66 வூடு விமானங்களையும் வாங்கினார்கள்.

இனித்தான் சந்திரன் வருகிறது. நாசா தொடங்கி ஆறு மாதம்கூட ஆகாத காலம் அது. மனிதனை விண்வெளிக்கு அனுப்ப வேர்ஜீனியாவில் ஒரு சிறிய குழு றொபேட் கில்றூத் என்பவரின் தலைமையில் திண்டாடிக்கொண்டிருந்தது, ஆட்கள் போதாது. மோல்ரனில் முதல்தரமான விமானப் பொறியியலாளர்கள் வேலையில்லாமல் நிற்கிறார்கள் என்ற செய்தி அவர்களுக்கு எட்டியது. ஏப்ரல் மாதமே முதல் தொகுதியினர் எல்லை கடந்தார்கள். மொத்தம் 32 பேர் போனதாகக் கணக்கு.

ஏரோவின் காற்றியக்கவியலுக்குப் பொறுப்பாக இருந்த ஜிம் சேம்பர்லின் ஜெமினித் திட்டத்தின் முதல் மேலாளரானார். ஒன்ராறியோவின் சார்ணியாவில் பிறந்த ஓவன் மேனாட் சந்திரனில் இறங்கும் கலத்தின் தொடக்க வரைபடங்களைப் போட்டவர்களில் ஒருவர். பின்னர் அதன் பொறியியல் பிரிவுக்கே தலைவரானார். கல்கரிக்காரரான பிறையன் ஏர்ப், திரும்பி வரும் கலம் எரியாமல் காக்கும் வெப்பக் கவசத்தில் வேலை செய்தார். வேல்ஸ்காரரான ரெக்வின் றொபேட்ஸ் கட்டுப்பாட்டு அறையில் பாதையைக் கணிக்கும் முதல் அதிகாரி. ஆங்கிலேயரான ஜோன் ஹொட்ஜ் பறப்பு இயக்குநர். 1966 மார்ச்சில் ஜெமினி-8 விண்வெளியில் பம்பரம்போலச் சுழன்று ஆம்ஸ்ரோங் உயிர் தப்பியபோது கட்டுப்பாட்டு அறையைப் பொறுப்பேற்று நடத்தியவர் அவரே.

சேம்பர்லினின் பெயர் இன்னொரு விடயத்தாலும் நிற்கிறது. சந்திரனுக்குப் போவதற்கு முதலில் நினைத்த வழி, பிரமாண்டமான ரொக்கற்றில் முழுக் கலத்தையும் கொண்டுபோய் இறக்கி, அதே கலத்தில் திரும்புவது. அதற்கு வேண்டிய எரிபொருளின் பாரம் நடைமுறைக்கு ஒவ்வாதது. ஜோன் ஹுபோல்ற் என்ற அமெரிக்கர் வேறு வழியொன்றுக்காக விடாமல் வாதாடினார். பெரிய கப்பல் கரைக்கு வரமுடியாமல் ஆழக்கடலில் நங்கூரமிட, வத்தையில் ஆட்களும் சாமானும் கரைக்கு வந்து திரும்புவதில்லையா, அதே முறை. தாய்க்கலம் சந்திரனைச் சுற்றிக்கொண்டு நிற்கும், சிறிய கலம் மட்டும் இறங்கி ஏறும். கில்றூத்தின் குழுவில் பலர் இதைப் பகிடியாகப் பார்த்தபோது அதன் பெறுமதியைக் கண்டு முதலில் ஆதரித்தவர்களில் சேம்பர்லின் ஒருவர். 1962 யூலையில் நாசா இந்த வழியையே தேர்ந்தெடுத்தது. ஏழு வருடத்தில் வத்தை கரை தட்டியது. அந்தக் கலத்தின் கால்களும் கனடாவில், கியூபெக்கின் லோங்கேயில் செய்யப்பட்டவை.

மேலே சொன்ன பெயர்களில் சிலர் பிரித்தானியாவில் பிறந்தவர்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். போருக்குப் பின் வேலை தேடிக் கனடாவுக்கு வந்தார்கள், கனடா கைவிட்டபோது அமெரிக்காவுக்குப் போனார்கள். ஒரே வாழ்நாளில் இரண்டு புலம்பெயர்வு. அதேநேரம் பதினாலாயிரத்தில் 32 பேர் என்பதையும் மறந்துவிடக்கூடாது. தகடு வளைத்தவர், ஆணி அடித்தவர், வரைபடம் பிரதி எடுத்தவர் யாரையும் நாசா தேடி வரவில்லை. சுராக்கோவ்ஸ்கி கூட விமானத்தை விட்டு ஒதுங்கி, ஒன்ராறியோவின் பரீஸ் பேயில் ஏரிக்கரையில் ஒரு விடுதி நடத்தி 2004ல் காலமானார்.

விண்வெளி வேலை இந்தப் பக்கத்துக்குத் திரும்பிவர இன்னும் காலம் எடுத்தது. விண்ணோடத்துக்காக ஸ்பார் நிறுவனம் செய்த 15 மீற்றர் நீளமான கனடாக் கை 1981 நவம்பரில் கொலம்பியாவில் முதன்முதலாகப் பறந்தது. 1990ல் ஹபிள் தொலைநோக்கியைத் தூக்கி விண்ணில் விட்டதும் அப்படியொரு கைதான். ஸ்பாரின் அந்தப் பிரிவு பின்னர் எம்.டி.ஏ. என்ற நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதன் கட்டடம் பிறம்ரனில் எயார்போட் வீதியில் நெடுங்காலம் இருந்தது. அந்த வீதியால் பக்டரிக்குப் போய்வந்த நம்மவர்கள் எத்தனையோ பேர்.

ஏரோவில் மிஞ்சியவற்றைப் பார்க்க விரும்புவோர் ஒட்டாவாவுக்குத்தான் போகவேண்டும். பிறம்ரனிலிருந்து நாலரை, ஐந்து மணிநேர ஓட்டம். அங்குள்ள கனடா விமான, விண்வெளி நூதனசாலையில் பறக்காமலே போன ஆறாவது ஏரோவின் மூக்குப்பகுதி இருக்கிறது. ஜெற்லைனரின் மூக்கும் அங்கேதான். சோதனைக்காக ரொக்கற்றில் பூட்டி ஒன்ராறியோ ஏரிக்கு மேலாக ஏவிய சிறு மாதிரிகள் சிலவற்றை அண்மைக்காலத்தில் தேடிப் பிடித்தார்கள். ஒன்றை 2018ல் வெளியே எடுத்தார்கள். என்டெவர் விண்ணோடத்தில் பறந்த கனடாக் கையையும் 2013 முதல் அதே நூதனசாலையில் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.