திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை என்பது தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி நகரின் நடுவே, காவிரியின் தென்கரைக்கு அருகில் சுமார் 83 மீட்டர் உயரமுள்ள தனிப்பாறையையும், அதனைச் சூழ்ந்து அமைந்திருந்த கோட்டையையும் குறிக்கும். அடிவாரத்தில் மாணிக்க விநாயகர் கோயிலும், நடுவில் தாயுமானசுவாமி கோயிலும், உச்சியில் உச்சிப் பிள்ளையார் கோயிலும் உள்ளன. கோட்டை மதில்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. எனினும் மலைக்கோட்டை என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

குடைவரைகளும் சமணர் படுக்கைகளும்

உச்சிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்புறம் உள்ள இயற்கைக் குகையில் சமணர் படுக்கைகள் காணப்படுகின்றன. சிரா என்னும் சமண முனிவரின் பள்ளி இருந்தமையால் ஊர் சிராப்பள்ளி எனப்பட்டது என்பது ஒரு கருத்து. திரிசிரன் என்னும் அரக்கன் வழிபட்ட தலம் என்பது புராண வழக்கு.

மலையில் இரண்டு குடைவரைகள் உள்ளன. மேலுள்ளது முதலாம் மகேந்திரவர்ம பல்லவனால் கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குடைவிக்கப்பட்டது. அவனது விருதுப் பெயரால் இது லலிதாங்குர பல்லவேசுவர கிருகம் எனப்படும். இங்குள்ள கங்காதரர் புடைப்புச் சிற்பம் பல்லவர் கலையின் சிறந்த படைப்புகளுள் ஒன்று. அருகிலுள்ள வடமொழிக் கல்வெட்டு காவிரியையும் சோழ நாட்டையும் குறிப்பிடுகிறது. மகேந்திரவர்மன் சமணத்திலிருந்து சைவத்துக்கு மாறியதற்கு இதனைச் சான்றாகச் சில ஆய்வாளர்கள் கொள்வர். கீழ்க் குடைவரை பல்லவருடையதா, பாண்டியருடையதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

கோட்டையும் போர்களும்

16ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் மரபைத் தோற்றுவித்த விசுவநாத நாயக்கர் கோட்டையையும் தெப்பக்குளத்தையும் அமைத்ததாகக் கூறப்படுகிறது. பின்னர் இந்நகர் நாயக்கர்களின் தலைநகராகவும் விளங்கியது. நாயக்கர் அரண்மனையின் எஞ்சிய பகுதியான இராணி மங்கம்மாள் மகாலில் அரசு அருங்காட்சியகம் இயங்குகிறது.

கர்நாடகப் போர்களில் இக்கோட்டை முதன்மையான இலக்காக இருந்தது. 1751இல் கோட்டையினுள் இருந்த முகமது அலியைச் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுப் படையும் முற்றுகையிட்டனர். முற்றுகையைத் தளர்த்தும் நோக்குடன் இராபர்ட் கிளைவ் ஆற்காட்டைக் கைப்பற்றினார். 1752இல் முற்றுகையிட்டோர் காவிரியைக் கடந்து திருவரங்கம் தீவுக்குப் பின்வாங்கி, அங்குள்ள கோயில்களில் அரண் கொண்டனர். அவ்வாண்டு சூன் மாதம் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. தஞ்சைப் படையினரிடம் அகப்பட்ட சந்தா சாகிப் கொல்லப்பட்டார். தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் கை ஓங்க இவ்வெற்றி வழிவகுத்தது.

19ஆம் நூற்றாண்டில் மதில்கள் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. மெயின் கார்டு கேட் எனப்படும் வாயில் எஞ்சியுள்ளது.

தாயுமானசுவாமி கோயில்

காவிரியில் வெள்ளம் பெருகியதால் தாய் வர இயலாத நிலையில், கருவுற்றிருந்த இரத்தினாவதி என்னும் பெண்ணுக்குச் சிவபெருமானே தாயின் வடிவில் வந்து மகப்பேறு பார்த்தார் என்பது தலவரலாறு. சுகப்பிரசவம் வேண்டுவோர் இங்கு வாழைத்தார் படைப்பது வழக்கம். சம்பந்தரும் அப்பரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர்.

1849ஆம் ஆண்டு விபத்து

மலைக்குள் செல்லும் படிவழி பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டது. பல இடங்களில் குறுகலானது. 1849இல் பிள்ளையாரை வழிபடத் திரண்ட கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் சுமார் 250 பேர் உயிரிழந்தனர்.

பார்வையிடல்

சின்னக்கடை வீதி வழியாக மலைக்குச் செல்லலாம். திருவரங்கம், திருவானைக்காவல் ஆகியவற்றுடன் இதனையும் ஒரே நாளில் காண்பது பயணிகளின் வழக்கம். காலணிகளைக் கீழேயே விட்டு ஏற வேண்டியிருப்பதாலும், நண்பகலில் பாறை சுடுவதாலும், காலை அல்லது மாலை நேரமே ஏற்றது. உச்சியிலிருந்து காவிரியும் கொள்ளிடமும் அவற்றின் நடுவே திருவரங்கமும், 1987இல் நிறைவுற்ற அதன் இராசகோபுரமும் தெரியும். முற்றுகைப் படைகள் பின்வாங்கிய திசையையும் இங்கிருந்து தெளிவாகக் காணலாம்.